வந்து சேர்ந்ததாகத் தகவல் இல்லை

இந்த வீட்டில் வழக்கமாக எத்தனை பேர் வசிக்கிறீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு பேர்" என்றார் இமெல்டா. இரண்டு என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். மொன்றியலின் சென்ட் லோரன்டில் ஒரு மாடி வீட்டின் பேஸ்மென்ட் அது. ஓர் அறை, ஒரு குசினி, தலைக்கு மேலே ஒரு சின்னச் சன்னல். அதற்கூடாகப் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். கதவடியில் இரண்டு சோடிப் பனிச்சப்பாத்துகள் இருந்தன. ஒன்று பெண்ணுடையது, தெரு உப்புப் பட்டு வெளிறியது. மற்றது ஆணுடையது, பெரியது, விலைச்சீட்டு இன்னும் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டாவது ஆளின்ர பேர்?"

"பற்றிக். என்ர அவர்."

"வேலைக்குப் போட்டாரோ?"

"இல்லை. வந்துகொண்டிருக்கிறார்."

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். அந்த மடைத்தனத்துக்கு என்னிடம் இருக்கும் ஒரே சாட்டு, எனக்கு அந்த வேலையில் அனுபவம் மூன்று கிழமை என்பதுதான். "எத்தினை மணிக்கு வருவார் எண்டு தெரியுமோ? பெரியாக்கள் ஒவ்வொருத்தரிட்டையும் தனித்தனியாக் கேக்கவேணும்" என்றேன். இமெல்டா என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. பிந்திப்போன பஸ்ஸைப் பற்றி விசாரிக்கும் ஒருவனுக்குச் சொல்வதுபோல, "தொண்ணூற்றி ஏழாம் ஆண்டு சித்திரையில வெளிக்கிட்டவர், அண்ணை" என்றார். அப்போது நடந்துகொண்டிருந்தது இரண்டாயிரத்து ஏழு செப்டெம்பர்.

என் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். பதினொரு வருடம் நான் உழைத்த தையல் தொழிற்சாலை அந்த வருடக் கோடையில் மூடப்பட்டது. பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு ஆராய்ச்சிக் குழு, தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஆட்களைத் தேடியது. நாடு விட்டு நாடு போகிறவர்களை உலகம் சரியாக எண்ணுவதில்லையாம். எப்படிக் கேட்டால் சரியாக எண்ணலாம் என்று கண்டுபிடிக்க, மொன்றியலில் வீடுவீடாகப் போய்ப் புதுக் கேள்விகளைப் பரீட்சித்துப் பார்க்கிறார்களாம். கழுத்தில் தொங்க ஓர் அட்டை தந்தார்கள். அதிலிருந்த என் படத்தைப் பார்த்தால் நானே எனக்குக் கதவு திறக்கமாட்டேன். "ஆக்களின்ர வீட்டுக் கதையைக் கேக்கிறதுக்குச் சம்பளமோ? என்னைக் கேட்டிருந்தா சும்மா செய்திருப்பன்" என்றாள் என் மனைவி பாலாம்பிகை.

மூன்று நாள் பயிற்சியும் இருந்தது. குழுவின் தலைவி மதாம் ஜெர்வே. நரைத்த தலை, நீளத் தோடு, கோபமே வராத முகம். அவர் பலகையில் இரண்டு வட்டம் கீறினார். இந்த நாடு, எங்களிலிருந்து நூறு பேர் உங்களிடம் போனார்கள் என்கிறது. அந்த நாடு, எங்களிடம் எழுபது பேர்தான் வந்தார்கள் என்கிறது. மிச்சம் எங்கே? பெரும்பாலும் வரையறைச் சிக்கல் என்றார். ஒரு நாடு மூன்று மாதம் தங்கினால் எண்ணும், இன்னொன்று ஒரு வருடம் தங்கினால் எண்ணும். ஆகவே நாங்கள் எல்லோரும் ஒரே வரையறையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: வழக்கமாக வசிக்கும் நாட்டைப் பன்னிரண்டு மாதத்துக்குக் குறையாமல் மாற்றியவரே குடிபெயர்ந்தவர். என் பிரெஞ்சு டெப்பனேர் கடையில் பாலும் பாணும் வாங்கப் போதுமானது. ஆகவே ஆங்கிலத்தில் கேட்டேன்: "பெரும்பாலும் வரையறை. மிச்சம்?" மதாம் சோக்கைக் கீழே வைத்துவிட்டு, "மிச்சத்தை நாங்கள் பிழை என்கிறோம்" என்றார்.

அந்தப் பிழை இப்போது ஒரு சோடிப் புதுச் சப்பாத்தோடு என் முன்னால் இருந்தது. கணவன், மனைவி, உடன்பிறந்தவர்கள் ஒவ்வொருவரும் இப்போது எங்கே வசிக்கிறார்கள் என்று கேட்டுப் பெட்டியில் புள்ளடி போட வேண்டும். இந்த நாட்டில், பிறந்த நாட்டில், வேறு நாட்டில், இறந்துவிட்டார். தெரியாது என்றும் ஒரு பெட்டி இருந்தது. ஆனால் அதில் புள்ளடி போடுகிறவன் சோம்பேறி என்பது பயிற்சியில் எங்களுக்குச் சாடையாகச் சொல்லப்பட்டிருந்தது.

"கடைசியா எந்த நாட்டில இருந்தவர்?"

"டோகோவில. லோமே எண்ட இடத்தில. பதினொரு மாசம்."

பதினொரு மாதம். பன்னிரண்டு என்றால் டோகோவில் வசித்தவர் என்று எழுதியிருக்கலாம். இலங்கையை விட்டாயிற்று, டோகோவில் வசிக்கவில்லை, கனடாவுக்கு வரவில்லை. வரையறையின்படி அந்த மனிதன் பூமியில் எங்குமே குடியிருக்கவில்லை.

"என்ன யோசிக்கிறியள்? உயிரோட இருக்கிறார் எண்டு போடுங்கோ" என்றார் இமெல்டா. பிறகு தேத்தண்ணீரை எனக்குப் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, கொஞ்சம் தணிந்த குரலில் விசயத்தைச் சொன்னார். மேல்மாடியில் இருப்பது பற்றிக்கின் தமையன் எமிலியானுஸும் அவர் மனைவி அல்போன்சம்மாவும். வருகிற கார்த்திகை, ஆத்துமாக்களின் மாதம். செத்துப்போனவர்களின் பெயர்களைக் கத்தோலிக்கக் கோயிலில் எழுதிக் கொடுத்தால் சுவாமி, அதாவது பாதிரியார், பூசையில் வாசிப்பார். இந்த முறை பற்றிக்கின் பெயரையும் கொடுக்கப்போவதாக எமிலியானுஸ் அத்தான் நிற்கிறார். பத்து வருடமாக ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இமெல்டா அவருக்கு நன்றிப்பூசை கொடுத்து வருகிறார். அது உயிரோடு இருப்பவர்களுக்குக் கொடுக்கும் பூசை. "ஒரு வாயால ரெண்டையும் வாசிக்க ஏலுமோ? நீங்கள் கம்பசில இருந்து வந்தனீங்கள். கணக்கில இருக்கிறார் எண்டு எழுதிப்போட்டு, மேல போய் அத்தானிட்டச் சொல்லுங்கோ."

என்னை இதுவரை யாரும் பல்கலைக்கழகமாகப் பார்த்ததில்லை. நெஞ்சு ஒரு கணம் நிமிர்ந்தது, பிறகு பயந்து பழைய இடத்துக்கே போனது. பேச்சை மாற்றுவதற்காக, நானும் லோமேக்கூடாகத்தான் வந்தவன் என்று சொன்னேன். பேச்சை மாற்ற நான் எடுத்த முயற்சிகளில் இது ஒன்றும் முதல் தோல்வியல்ல. இமெல்டா எழும்பிப் போய் ஒரு படத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். வெள்ளைச் சேட்டு, நடு உச்சி பிரித்த தலை, சிரிக்கலாமா விடலாமா என்று முடிவெடுக்காத வாய். "பாத்திருக்கிறியளோ?"

நான் வந்தது தொண்ணூற்று நான்கில். இவர் அதற்குப் பிறகு. ஆனாலும் உற்றுப் பார்த்தேன். லோமேயில் ஏஜென்ட் எங்களை வைத்திருந்த அறையில் இருபது பேரளவில் இருந்தோம். எல்லோருக்கும் தாடி, எல்லோருக்கும் ஒரே பசி. கொஞ்ச நாளில் எல்லோரும் ஒரே ஆளின் தம்பிமார் போல ஆகிவிட்டோம். "இல்லைத் தங்கச்சி, நான் முந்தியே வந்திட்டன்" என்றேன். சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "அந்த ஏஜென்டோ? கோட்டுக்கார ஏஜென்ட்?" என்று கேட்டேன்.

இமெல்டாவின் கை படத்தின் மேல் அப்படியே நின்றது.

அந்தக் கோட்டைப் பற்றி அந்த வழியால் வந்தவர்களுக்குத் தெரியும். ஆபிரிக்க வெயிலில் சேட்டோடு ஏறி மொன்றியல் குளிருக்குள் அதே சேட்டோடு இறங்கினால் விமான நிலையத்தில் சந்தேகப்படுவார்கள். ஆகவே ஏஜென்ட் ஒரு நல்ல கம்பளிக் கோட்டு வைத்திருந்தான். ஒன்றே ஒன்று. அது அறைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். போகிறவன் அதைப் போட்டுக்கொண்டு போவான். இங்கே வந்து சேர்ந்ததும் ஏஜென்டின் ஆள் கோட்டையும் பாஸ்போர்ட்டையும் வாங்கித் திருப்பி அனுப்புவான். பாஸ்போர்ட் எங்கள் கண்ணில் படாது. ஏஜென்டின் வாயோ எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் எப்போதும் சொல்லும். ஆகவே நாங்கள் நம்பியது ஆணியை மட்டும். கோட்டு திரும்பி வந்து தொங்கினால் ஆள் சேர்ந்துவிட்டான். ஆணி வெறுமையாக இருந்தால் பிடிபட்டுவிட்டான். மதாம் ஜெர்வேயின் பலகையை விட அது நம்பகமான புள்ளிவிபரம் என்று நான் பகிடியாக நினைத்திருந்தேன்.

"முதல்ல போனது அத்தான்" என்றார் இமெல்டா. "மாசி மாசம். நான் அப்ப கொழும்பில லொட்ஜில. சித்திரையில இவர் லொட்ஜுக்குப் போன் எடுத்தவர். அண்ணை பிடிபட்டிட்டார் போல, ரெண்டு மாசமாக் கோட்டு வரேல்லை, பிளேன் சரிவராது, நாளைக்கு எங்களைக் கப்பலில ஏத்துறாங்கள் எண்டார். அவ்வளவுதான். ரெண்டு கிழமை கழிச்சு அத்தான்ர கடிதம் வருது, சுகமா வந்து சேர்ந்தன் எண்டு."

சன்னலுக்கு மேலே யாரோ நடந்து போனார்கள். இரண்டு கால், ஒரு கைத்தடி.

"நான் இஞ்ச வந்தது ரெண்டாயிரத்தி ஒண்டில. முதல் விண்டர். என்னட்ட ஒண்டும் இல்லை. அல்போன்சம்மாக்கா அலுமாரியைத் திறந்து ஒரு கோட்டை எடுத்து, இதைப் போடு பிள்ளை, உன்ர அத்தான்ர, இப்ப அவருக்கு இறுக்கம் எண்டு தந்தா." இமெல்டா தன் தோளைத் தானே தொட்டுக்கொண்டார். "எனக்குப் பெரிசு எண்டு திருப்பிக் குடுத்திட்டன்."

"அத்தானுக்கு இந்தப் போன் கதை...?"

"தெரியாது. இவர் செத்தார் எண்டு வைச்சால், எப்பிடிச் செத்தார் எண்டு ஒரு கதை வேணும் தானே அண்ணை. உயிரோட இருந்தா ஒரு கதையும் தேவையில்லை."

தெரியாது என்ற பெட்டியில் புள்ளடி போட்டுவிட்டு, சோம்பேறி என்ற பட்டத்தோடு படியேறினேன்.

எமிலியானுஸ் அண்ணை கதவைத் திறந்தபோது அவரிடம் தொழிற்சாலை எண்ணெய் வாசம் இருந்தது. பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. "வாரும், வாரும். ஆமிக்காரனுக்குப் பிறகு நீர்தான் எங்கட வீட்டில ஆள் எண்ண வந்திருக்கிறீர்" என்றார். அல்போன்சம்மா உள்ளேயிருந்து, "அவங்கள் தேத்தண்ணி குடிக்காமல் போனவங்கள், இவரை விடாதையுங்கோ" என்றார். கேள்விகள் சிரிப்போடுதான் போயின. எப்போது நாட்டை விட்டீர்கள் என்று கேட்டால், மன்னாரை விட்டதோ, வவுனியாவை விட்டதோ, கொழும்பை விட்டதோ, எதைக் கேக்கிறீர், எனக்கு ஒவ்வொண்டும் ஒவ்வொரு நாடு என்றார். உடன்பிறந்தவர்களுக்கு வந்ததும் விரல்விட்டு எண்ணினார். ஒரு தங்கை மன்னாரில், ஒரு தம்பி நோர்வேயில். மூன்றாவது விரலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"பற்றிக். செத்துப்போட்டான் எண்டு போடும்."

"எப்ப எண்டு கேட்டிருக்கண்ணை."

"அதை நீர்தான் போடும். உங்களிட்டைக் கணக்கு இருக்குமே." சிரிக்க முயன்றார். அல்போன்சம்மா தேத்தண்ணீரை வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். இந்தக் கதை தொடங்கினால் அவர் சாத்துகிற கதவு அது என்று விளங்கியது. "பாரும், உயிரோட இருக்கிறவனுக்கு நான் சுகம் கேட்டுச் செபிக்கவேணும். கர்த்தரே, அவனுக்கு நல்ல வேலையைக் குடும், வருத்தம் துன்பம் வராமல் காத்தருளும். பத்து வருசமாச் செபிக்கிறன். முழந்தாளில நிண்டு பொய் சொல்லுற மாதிரிக் கிடக்கு. செத்தவனுக்கு எண்டால் மன்னிப்புக் கேக்கலாம்."

ஏன் மன்னிப்பு என்று நான் கேட்கவில்லை. அவராகவே தொடங்கினார். "நான் இறங்கின அண்டைக்கு மைனஸ் முப்பதுக்குக் கிட்ட. ஏஜென்ட்ட ஆள் பாஸ்போர்ட்டை வாங்கிப்போட்டுக் கோட்டைக் கழட்டு எண்டான். நாளைக்குத் தாறன் எண்டனான். அந்தக் குளிரில ஆர் கழட்டுவான், சொல்லும். நாளைக்கு அவன் வரேல்லை. நான் லோமேக்கு எடுத்து, நான் சேர்ந்திட்டன், தம்பியிட்டச் சொல்லுங்கோ எண்டு ஏஜென்டுக்குச் சொன்னனான். ஓம் ஓம் எண்டவன்." கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். "கீழ அவள் உம்மிட்டக் கோட்டைப் பற்றி ஏதும் கதைச்சவளோ?"

எனக்கு வாய் சும்மா இருக்காது என்பது ஊர் அறிந்த விசயம். அன்றைக்கு, என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஒரு விதிமுறைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். "ஒராள் சொன்னதை மற்றாளுக்குச் சொல்லக்கூடாது, அண்ணை. அதுதான் எங்கட சட்டம். நீங்கள் சொன்னதையும் அவவுக்குச் சொல்லமாட்டன்."

"நல்ல சட்டம்" என்றார் எமிலியானுஸ் அண்ணை. பிறகு அதையே இன்னொருதரம் சொன்னார்.

அதற்குப் பிந்திய நாட்களில் எனக்கு ஒரு வருத்தம் பிடித்தது. கொத்-வெர்த்து மெத்ரோ நிலையத்தில் ரயில் வந்து நிற்கும். கதவு திறக்கும். இறங்குகிற ஆண்கள் எல்லோரின் வாயிலும் அந்தப் படத்திலிருந்த, முடிவெடுக்காத சிரிப்பைத் தேடிக்கொண்டு நிற்பேன். ஒருமுறை அப்படி நின்றதில் என் ரயில் போய்விட்டது. எங்கள் அறையில் ஓர் ஆள் இருந்தான். பெயர் ஞாபகமில்லை, சுவர்ப் பக்கமாகத் திரும்பித்தான் படுப்பான். எனக்கு இரண்டு தவணை முந்தி அவன் கோட்டைப் போட்டுக்கொண்டு போனான். கோட்டு வந்தது. அப்போது நாங்கள் கைதட்டினோம். இப்போது யோசித்தால், அந்தக் கோட்டை ஆளில்லாமலும் அனுப்பியிருக்கலாம். ஏஜென்ட் வேறொன்றை வாங்கியும் தொங்கவிட்டிருக்கலாம். நாங்கள் கைதட்டியது ஓர் ஆணிக்கு. பாலாம்பிகையிடம் இதைச் சொன்னேன். "சாப்பாட்டு மேசையில வைச்சு ஆக்களைக் காணாமல் ஆக்காதேங்கோ" என்றாள்.

ஒக்டோபரில் எல்லா நேர்காணல்காரரையும் மதாம் ஜெர்வே கூப்பிட்டார். அடுத்தது மீள்பரீட்சை. அதே ஆட்களிடம் அதே கேள்விகளைச் சில கிழமை கழித்துத் திரும்பக் கேட்க வேண்டும். பதில் மாறாவிட்டால் கேள்வி நல்லது; மாறினால் கேள்வியில் பழுது. யாருக்காவது சிக்கல் வந்ததா என்று கேட்டார். நான் பெயர் சொல்லாமல், ஊர் சொல்லாமல், வெளிக்கிட்டு இன்னும் வந்து சேராத ஓர் ஆளைப் பற்றிச் சொன்னேன். படித்துக்கொண்டிருக்கும் ஒரு பெடியன், அதெல்லாம் விதிவிலக்கு, 'வேறு நாட்டில்' என்று போட்டால் சரி என்றான். மதாம் அவனைப் பார்க்கவில்லை. "வேறு யாருக்காவது இப்படி வந்ததா?" என்று கேட்டார்.

 ஹெயிட்டிக்காரி ஒருத்தி கையைத் தூக்கினாள். படகில் ஏறியவர் ஒருவர்; 'பிறந்த நாட்டில்' என்று போட்டாளாம், பாவமாக இருந்ததால். கொங்கோக்காரர் ஒருவர் தூக்கினார். பாலைவனத்தில் லொறி, அவர் 'இறந்துவிட்டார்' என்று போட்டாராம், மற்றப் பெட்டிகள் எல்லாம் அதைவிடப் பொய்யாகத் தெரிந்ததால். பின்வரிசையில் இன்னொருத்தர் 'பிரான்ஸ்' என்று போட்டிருந்தார்; ஏன் பிரான்ஸ் என்று அவருக்கே தெரியவில்லை. எண்ணிப் பார்த்தால் ஒன்பது பேர். ஒன்பதையும் நாங்கள் ஆளுக்கொரு பெட்டிக்குள், ஒருத்தருக்கும் சொல்லாமல், கள்ளச் சாமான் மாதிரி ஒளித்து வைத்திருந்தோம். மதாம் ஜெர்வே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். மீள்பரீட்சையில் ஆறாவதாக ஒரு பெட்டி வரும் என்றார். அதற்குத் தமிழ் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்.

மெத்ரோவில் இருந்து, எழுதி எழுதி வெட்டினேன். கடைசியில் 'புறப்பட்டார், வந்து சேர்ந்ததாகத் தகவல் இல்லை' என்று நின்றது. வீட்டில் வாசித்துக் காட்டினேன். "கொடிகாமம் ஸ்டேசனில யாழ்தேவி ரயிலுக்குச் சொல்லுற மாதிரிக் கிடக்கு" என்றாள் பாலாம்பிகை. பிறகு கறியைக் கிளறிக்கொண்டே, "மாத்தாதேங்கோ, இருக்கட்டும்" என்றாள்.

ஒக்டோபர் கடைசிச் சனிக்கிழமை பேஸ்மென்ட் படியிறங்கினேன். மேலேயிருந்து எமிலியானுஸ் அண்ணையின் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. ஆத்துமாக்கள் பூசைக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாள் நாளைக்கு என்று இமெல்டா சொன்னார். மூன்று நாளாக மேலுக்கும் கீழுக்கும் கதை பேச்சில்லையாம். அல்போன்சம்மா மட்டும் படியில் நின்று கறிச்சட்டியைக் கைமாற்றிவிட்டுப் போகிறாராம். நான் கேள்விகளை அதே ஒழுங்கில் வாசித்தேன். எத்தனை பேர்? ரெண்டு பேர். பதில் மாறவில்லை, கேள்வி நல்லது. கணவர் இப்போது எங்கே வசிக்கிறார்? பெட்டிகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனேன். ஆறாவதையும் வாசித்தேன்.

இமெல்டா தலையைத் தூக்கினார். "போன முறை இது இருக்கேல்லையே."

"இப்பதான் போட்டவை."

"எனக்காகவோ?"

"உங்களுக்காக மட்டுமில்லை. இன்னும் இருக்கினம்."

"எத்தினை பேர்?"

சொல்லக்கூடாதுதான். "ஒன்பது. இவரோட சேர்த்து. இந்த ஊரில, நாங்கள் போன கொஞ்ச வீட்டுக்குள்ள மட்டும்."

"எல்லாம் எங்கட ஆக்களோ?"

"இல்லை. கறுப்பாக்கள், அரபிக்காரர், எல்லாம்."

இமெல்டா சன்னலை நிமிர்ந்து பார்த்தார். வெளியே ஒரு பிள்ளை சன்னலோரமாக ஓடியது, அதன் பின்னால் இன்னொரு சோடிக் கால் ஓடியது. "அவையின்ர வீட்டுக்காரரும் இப்பிடித்தான் இருக்கினமோ?" என்றார். நான் தெரியாது என்றேன். "அதில போடுங்கோ" என்றார் இமெல்டா. நான் போட்டேன். புள்ளடி போடுவதை, தையல்காரன் துணி வெட்டுவதைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழும்பிப் போய்ப் படியடியில் நின்று மேலே பார்த்துக் கூப்பிட்டார். "அத்தான்." தொலைக்காட்சிச் சத்தம் உடனே நின்றது. "நாளைக்குப் பேரைக் குடுங்கோ."  மேலே ஒரு கதிரை பின்னுக்குத் தள்ளப்படும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்து எனக்கு எதிரே இருந்தார். நான் என்ன முகத்தோடு இருந்தேனோ தெரியாது, அவராகவே சொன்னார். "அங்கை ஒரு இடத்தில அவர் வழியில எண்டு கிடந்தாப் போதும், அண்ணை. ஆரோ ஒரு வெள்ளைக்காரி கொம்ப்யூட்டருக்குள்ள வைச்சிருப்பா. இஞ்ச அத்தான் ஆசைக்கு அழட்டும். எத்தினை வருசம் அந்தாளும் பொய்க்குச் செபிக்கிறது. சத்தம் கீழ வரைக்கும் கேக்கும்."

"கோட்டுக் கதையைச் சொல்லப்போறியளோ?"

"எந்தக் கோட்டு?" என்றார் இமெல்டா. மிச்சக் கேள்விகளைக் கேட்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

மேலே எமிலியானுஸ் அண்ணையிடம் அன்றைக்கு மீள்பரீட்சை செய்ய முடியவில்லை. அல்போன்சம்மா வாசலில் நின்று, அவருக்குத் தலையிடி, இன்னொரு நாள் வாருங்கோ என்றார். அவர் தோளுக்கு மேலால் பார்த்தேன். ஹோலில் எமிலியானுஸ் அண்ணை, அணைத்த தொலைக்காட்சிக்கு முன்னால், வெளியே போகிறவர் மாதிரிச் சப்பாத்தோடு இருந்தார். இவ்வளவு நாள் கேட்டது கிடைத்துவிட்டால் அதை எங்கே வைப்பது என்று தெரியாத ஆள்போல இருந்தது.

பூசைக்கு என்னையும் வரச்சொல்லி இமெல்டா போனில் கூப்பிட்டார். பாலாம்பிகை, சைவக்காரன் போய் அங்கே என்ன செய்யப்போறியள் என்றாள். எனக்கும் தெரியவில்லை. பிரெஞ்சுக்காரரின் ஆராதனைகள் முடிந்தபிறகு ஞாயிறு பின்னேரம் எங்கள் ஆட்களுக்குத் தருகிற பெரிய கல்லுக் கோயில் அது. எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்று தெரியாதவனுக்குக் கடைசி வாங்கில் உட்காருவதுதான் பாதுகாப்பு. முன்னால் இருப்பவர்களைப் பார்த்து எல்லாவற்றையும் ஒரு கணம் பிந்திச் செய்துகொண்டிருந்தேன். கோயில் நிறைந்த முதுகுகள். ஐந்தாவது வரிசையில் எமிலியானுஸ் அண்ணையின் அகன்ற முதுகு, பக்கத்தில் அல்போன்சம்மா, அதற்கடுத்து இமெல்டா, தலையில் கறுப்பு முக்காட்டோடு. இமெல்டாவும் அல்போன்சம்மாவும் ஒரே செபப்புத்தகத்தைப் பிடித்திருந்தார்கள்.

வெளியே அந்தக் குளிர்காலத்தின் முதல் பனி தொடங்கியிருந்தது. தண்ணீரோடு கலந்து, தரையைத் தொட்டதும் கரைந்து போகிற பனி. சுவாமி பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் எழும்பிப் போய்ப் பீடத்துக்குக் கீழே ஒரு மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு வந்தார். சில பெயருக்கு ஒரு குடும்பமே எழும்பியது. சில பெயருக்கு ஒருவரும் எழும்பவில்லை. கோயில் உதவியாள் கொளுத்தினான். பெயர்கள் மாவட்டம் மாவட்டமாக, கடற்கரை கடற்கரையாகப் போய்க்கொண்டிருந்தன.

"சவிரிமுத்து பற்றிக்" என்றார் சுவாமி.

எமிலியானுஸ் அண்ணை எழும்பினார். கையில் திரி. வாங்குக்கு வெளியே ஒரு காலை வைத்தார். அப்போதுதான் எனக்குப் பின்னால் கோயில் கதவு பெரிய சத்தத்தோடு திறந்தது. குளிர் என் பிடரியில் வந்து மோதியது. முன்னால் எரிந்த திரிகள் எல்லாம் ஒருபக்கமாகச் சாய்ந்தன.

அந்த முதுகுக் கூட்டத்துக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக முகங்கள் முளைத்தன. எல்லோரும் திரும்பவில்லை. பெரும்பாலானவர்கள் பீடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலப்பக்கத்தில் ஒரு கிழவர். தூண் ஓரமாக இரண்டு சகோதரிகள். மடியில் பிள்ளையை வைத்திருந்த ஓர் இளம்பெண். இவர்கள் யாரிடமும் நான் கேள்வித்தாளோடு போனதில்லை. ஒருவர் முகத்திலும் கோபமில்லை, பிந்தி வந்தவனைப் பார்க்கிற முகமில்லை அது, யாரையோ எதிர்பார்த்திருந்த முகம். இமெல்டா திரும்பவில்லை. கறுப்பு முக்காடு அசையாமல் நேராக இருந்தது.

எமிலியானுஸ் அண்ணை திரும்பியிருந்தார்.

வந்தவர் யாரோ ஒரு வயதானவர். சப்பாத்தைத் தரையில் தட்டி, தொப்பியைக் கழற்றி உதறி, மன்னிப்புக் கேட்பதுபோல எல்லோருக்கும் தலையசைத்துக்கொண்டு என் வாங்கின் மறுகோடியில் வந்து இருந்தார். கதவைச் சரியாகச் சாத்தவில்லை. சுவாமி ஒருகணம் பொறுத்துவிட்டு அடுத்த பெயரை வாசித்தார். முளைத்த முகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி முதுகுகளுக்குள் போயின. எமிலியானுஸ் அண்ணை நடைபாதையில் ஒரு காலும் வாங்குக்குள் ஒரு காலுமாக, கொளுத்தாத திரியோடு, அப்படியே நின்றார். அவர் பார்வை என்னைத் தாண்டி, பிந்தி வந்தவரையும் தாண்டி, கதவு இடுக்குக்கூடாக உள்ளே வந்து கல்லுத் தரையில் விழுந்து கரைந்துகொண்டிருந்த பனியில் நின்றது.